விதிகளை மாற்றி எழுதிய அயர்லாந்து: 2025 கேலிக் கால்பந்துப் பருவத்தில் நடந்தது என்ன?

டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் 2025 ஜூலை 27 அன்று நடைபெற்ற அனைத்து அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதிப் போட்டியில், கெர்ரி அணி 1-26 என்ற கணக்கில் டொனிகால் அணியை (0-19) வீழ்த்தி 39ஆவது முறையாகப் பட்டம் வென்றது. இந்த விளையாட்டில் வேறெந்த அணியும் இத்தனை பட்டங்களைப் பெற்றதில்லை. எனினும், கெர்ரியின் வெற்றியைக் காட்டிலும் அது எந்த விதிகளின் கீழ் கிடைத்தது என்பதே அந்தப் பருவம் முழுவதும் பேசுபொருளாக இருந்தது.

ஓராண்டுக்கு முன், 2024 ஜூலை 28 அன்று இதே மைதானத்தில் அர்மா அணி கால்வேயை 1-11, 0-13 என்ற கணக்கில் வென்றது. அந்த இறுதிப் போட்டியில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகள் 27. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் அது 48 ஆனது. இந்த வேறுபாட்டுக்கு ஆட்டக்காரர்களின் திறமை மட்டும் காரணமன்று. இடையில், 2024 நவம்பர் 30 அன்று, கேலிக் தடகளச் சங்கத்தின் சிறப்பு மாநாடு ஆட்ட விதிகளையே மாற்றியிருந்தது.

கணக்கைப் படிப்பது எப்படி?

கேலிக் கால்பந்தை நாம் அறிந்த கால்பந்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓர் அணிக்கு 15 பேர். ஆட்ட நேரம் 70 நிமிடங்கள். பந்தைக் கையில் எடுக்கலாம், ஆனால் எறியக் கூடாது. கையால் குத்தித் தட்டிவிடலாம் அல்லது உதைக்கலாம். கையில் பந்துடன் நான்கு அடிகளுக்கு மேல் ஓட இயலாது. அதற்குள் தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது காலால் மெல்ல உதைத்துத் தன் கைக்கே வரவழைக்க வேண்டும்.

கோல் கம்பங்கள் ரக்பியில் இருப்பதைப் போல உயர்ந்து நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலையும் உண்டு. பந்து வலைக்குள் சென்றால் அது ஒரு கோல், மதிப்பு மூன்று புள்ளிகள். கம்பிக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. ஆகவே 1-26 என்பது ஒரு கோலும் 26 புள்ளிகளும், கூட்டினால் 29. கெர்ரியின் வெற்றி வித்தியாசம் 10 புள்ளிகள்.

அணிகள் 'கவுண்டி' வாரியாகப் பிரிக்கப்பட்டவை. இதை 'மாவட்டம்' என்று மொழிபெயர்ப்பது எளிது. ஆயினும் அந்தச் சொல் அங்குள்ள பற்றை உணர்த்தாது. அரசியல் எல்லையை இந்த விளையாட்டு பொருட்படுத்துவதில்லை: பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட வடக்கு அயர்லாந்தின் அர்மாவும் டைரோனும், அயர்லாந்து குடியரசின் கெர்ரியும் டொனிகாலும் ஒரே கோப்பைக்காக மோதுகின்றன. ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கிடையாது. ஏலமோ, அணி மாற்றச் சந்தையோ இல்லை. இன்றைய தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரராகப் பலராலும் கருதப்படும் கெர்ரியின் டேவிட் கிளிஃபோர்ட், பள்ளி ஆசிரியர்.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது?

2011 அரையிறுதியில் டப்ளின் 0-8, டொனிகால் 0-6 என்ற கணக்கில் ஓர் ஆட்டம் முடிந்தது. 70 நிமிடங்களில் மொத்தம் 14 புள்ளிகள். டொனிகாலின் அன்றைய பயிற்சியாளர் ஜிம் மெக்கின்னஸ், கோல்கீப்பரோடு சேர்த்து ஏறத்தாழ அணி முழுவதையும் தமது கோலுக்கு முன்னால் குவித்து வைத்தார். இதை அங்கே 'போர்வைத் தடுப்பு' என்பார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தனர். ஆனால் அடுத்த ஆண்டே, அந்த உத்தியை எதிர்த்தாக்குதலோடு இணைத்து, டொனிகால் அனைத்து அயர்லாந்து பட்டத்தை வென்றது.

2014இல் இதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. நடப்புச் சாம்பியனாகவும் வெல்ல முடியாத அணியாகவும் கருதப்பட்ட டப்ளினை அரையிறுதியில் டொனிகால் 3-14, 0-17 என்று சாய்த்தது. அன்று தோற்ற டப்ளினின் பயிற்சியாளர் ஜிம் கேவின். அந்தத் தோல்விக்குப் பின் தமது ஆட்ட முறையைத் திருத்தியமைத்த கேவின், 2015 முதல் 2019 வரை தொடர்ச்சியாக ஐந்து பட்டங்களை வென்றார்.

இதற்குள் மற்ற அணிகளும் அதே பாடத்தைக் கற்றுக்கொண்டன. கூட்டமாகப் பின்வாங்குவதும், எதிரணி பந்தைப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நிற்பதும் வழக்கமாயின. பந்தை நீளமாக உதைப்பதும், அந்தரத்தில் எழும்பிப் பிடிப்பதும்—இந்த விளையாட்டின் அழகே அதுதான்—அரிதாகிப்போயின. கபடியில் வெறுங்கையோடு திரும்பும் ரெய்டுகள் பெருகியபோது, மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி வந்ததை நம் வாசகர்கள் அறிவர். ஏறக்குறைய அதே நெருக்கடிதான் இங்கும்.

2024 தொடக்கத்தில் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ஜார்லத் பர்ன்ஸ், கேலிக் கால்பந்தைச் சீரமைக்க ஒரு குழுவை அமைத்தார். தலைவராக அமர்த்தப்பட்டவர் ஜிம் கேவின். 2012இல் டொனிகாலின் அணித்தலைவராகக் கோப்பையை உயர்த்திய மைக்கேல் மர்ஃபியும் அக்குழுவில் இடம்பெற்றார். கவுண்டி ஆட்டத்திலிருந்து 2022இல் ஓய்வு பெற்றிருந்த அவர், விதிகளை வகுத்து முடித்த பின் 2025இல் மீண்டும் டொனிகால் சீருடை அணிந்து களமிறங்கினார் என்பது இந்தக் கதையின் சுவையான கிளை.

புதிய விதிகள்

கோலிலிருந்து 40 மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு வரையப்பட்டது. அதற்கு வெளியிலிருந்து உதைத்துக் கம்பிக்கு மேலே அனுப்பினால் இனி ஒன்றன்று, இரண்டு புள்ளிகள். கோலுக்கு முன்னால் குவிந்து நிற்கும் அணிக்கு இது நேரடித் தண்டனை: வெளியே வந்து மறிக்காவிட்டால் எதிரணி தொலைவிலிருந்தே கணக்கை ஏற்றிவிடும்.

ஒவ்வோர் அணியும் எப்போதும் குறைந்தது மூன்று பேரை எதிரணியின் பாதியில் நிறுத்த வேண்டும் என்பது அடுத்தது. 15 பேரும் பின்வாங்கும் வழி இதனால் அடைபட்டது. கோல்கீப்பர் ஆட்டத்தைத் தொடங்க உதைக்கும் பந்து வளைகோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். முன்பெல்லாம் அவர் அருகிலிருக்கும் தோழருக்கு மெதுவாகத் தட்டிவிட்டுப் பாதுகாப்பாகத் தொடங்குவார். இப்போது ஒவ்வொரு உதையும் நடுக்களத்தில் ஒரு போராட்டம்.

நடுவரிடம் வாக்குவாதம் செய்தாலோ, எதிரணிக்குரிய பந்தைத் தராமல் இழுத்தடித்தாலோ பந்து 50 மீட்டர் முன்னகர்த்தப்படும். பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, ஆட்டக்காரர்கள் பந்தைச் சூடான பாத்திரத்தைப் போல எதிரணியிடம் ஒப்படைக்கத் தொடங்கினர். வேறெந்த விதியும் இவ்வளவு விரைவாக நடத்தையை மாற்றவில்லை என்றே சொல்லலாம்.

லவுத்தின் 68 ஆண்டுக் காத்திருப்பு

பருவத்தின் முதல் கட்டம் நான்கு மாகாணப் போட்டிகள். மன்ஸ்டரில் கெர்ரி, கொனாக்டில் கால்வே, அல்ஸ்டரில் கூடுதல் நேரத்தில் அர்மாவை ஒரே புள்ளியில் முந்திய டொனிகால் ஆகியவை வென்றன. ஆனால் நாடே திரும்பிப் பார்த்தது லென்ஸ்டர் மாகாணத்தை.

அங்கே 2011 முதல் 2024 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்து டப்ளினே வென்று வந்தது. 2025 அரையிறுதியில் மீத் அணி டப்ளினை 0-23, 1-16 என்று வெளியேற்றியது. இறுதியில் மீத்தை எதிர்கொண்டது, அயர்லாந்தின் மிகச் சிறிய கவுண்டியான லவுத்.

இந்த இரு அண்டை அணிகளுக்கும் இடையே ஓர் ஆறாத காயம் இருந்தது. 2010 லென்ஸ்டர் இறுதிப் போட்டியில், கூடுதலாக வழங்கப்பட்ட கடைசி நிமிடங்களில் லவுத் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. அப்போது மீத் ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு கோட்டைக் கடந்தார். விதிப்படி அது கோல் அன்று; நடுவர் கோல் என்று அறிவித்தார். ஆட்டம் முடிந்ததும் ஆத்திரமடைந்த ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து நடுவரைத் தாக்கினர். தவறு நிகழ்ந்ததை நடுவர் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் மறு ஆட்டம் நடைபெறவில்லை. பட்டம் மீத்திடமே நின்றது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் லவுத் லென்ஸ்டர் இறுதி வரை வந்து டப்ளினிடம் தோற்றது.

2025 மே 11 அன்று குரோக் பார்க்கில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். லவுத் 3-14, மீத் 1-18. இரண்டே புள்ளி வித்தியாசம். 1957க்குப் பின் லவுத் வென்ற முதல் லென்ஸ்டர் பட்டம் அது. அணித்தலைவர் சாம் மல்ராய் கோப்பையை உயர்த்தியபோது, முந்தைய வெற்றியைச் சிறுவயதில் கண்டவர்கள் எழுபது வயதைக் கடந்திருந்தனர்.

கெர்ரியின் கால் மணி நேரம்

அடுத்தது 16 அணிகள் மோதிய குழுச் சுற்று. 24 ஆட்டங்கள் ஆடி, வெளியேற்றப்பட்டவை நான்கே அணிகள். இவ்வளவு நீட்டி இவ்வளவு குறைவாகத் தீர்மானிக்கும் அமைப்பை யார் வடிவமைத்தார்களோ என்று வியக்கத் தோன்றுகிறது. ஆனால் கெர்ரிக்கு அதுவே கைகொடுத்தது. ஜூன் 14 அன்று மீத்திடம் 1-22, 0-16 என்று படுதோல்வி அடைந்த பிறகும் அது போட்டியில் நீடித்தது.

ஜூன் 29 காலிறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன் அர்மா. இரண்டாம் பாதி தொடங்கியதும், சுமார் கால் மணி நேரத்தில் கெர்ரி தொடர்ச்சியாக 14 புள்ளிகளைக் குவித்தது. அர்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. இங்கேதான் புதிய விதிகளின் இயக்கம் தெளிவாகப் புலப்பட்டது. ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் அர்மா கோல்கீப்பர் பந்தை நீளமாக உதைத்தாக வேண்டும். அதைக் கெர்ரி மீண்டும் மீண்டும் கைப்பற்றி, உடனே திருப்பித் தாக்கியது. பழைய விதிகளில் குறுகிய தட்டல்களால் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். அந்தக் கதவு இப்போது மூடப்பட்டிருந்தது. முடிவு 0-32, 1-21.

அரையிறுதியில் டைரோனை வென்ற கெர்ரி, இறுதியில் சந்தித்தது டொனிகாலை. அதன் பயிற்சியாளர் பொறுப்புக்கு 2024 பருவத்திலேயே திரும்பியிருந்தவர் அதே ஜிம் மெக்கின்னஸ். அவரது அணி அரையிறுதியில் மீத்தை 3-26, 0-15 என்று நசுக்கியிருந்தது. இறுதியிலோ டொனிகால் ஆளுக்கு ஆள் மறிக்காமல் தனது பகுதியைக் காக்கும் முறையை நம்பியது. கெர்ரி பொறுமையாகப் பந்தை வளைகோட்டைச் சுற்றி நகர்த்தி, இடம் கிடைத்தபோது உதைத்தது. கிளிஃபோர்ட் மட்டும் ஒன்பது புள்ளிகள் எடுத்தார். அவற்றில் ஆறு, மூன்று இரட்டைப் புள்ளி உதைகளால் வந்தவை. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஜோ ஓகானர் கோல் அடித்தார். பயிற்சியாளர் ஜாக் ஓகானருக்கு இது ஐந்தாவது பட்டம். அணித்தலைவர் கேவின் வைட், ஹோகன் அரங்கப் படிகளில் ஏறிச் சாம் மகுவயர் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். 1920 நவம்பர் 21 அன்று இதே மைதானத்தில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் உயிரிழந்த ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனின் பெயரைத் தாங்கிய அரங்கம் அது.

யாருக்கு லாபம்?

புள்ளிகள் பெருகியதில் ஒரு பங்கு இரட்டைப் புள்ளியின் வரவுதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஆட்டம் விரைவானது, பந்து நீளமாகப் பறந்தது. அதே வேளையில் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. போர்வைத் தடுப்பு அழகற்றதாக இருந்திருக்கலாம். ஆனால் வலிய அணிகளிடம் எளிய அணிகள் மானத்தோடு தோற்க உதவிய கவசமும் அதுவே. பருவத்தில் டப்ளினையும் கெர்ரியையும் வென்ற மீத், கவசமற்ற ஆட்டத்தில் டொனிகாலிடம் 20 புள்ளி வித்தியாசத்தில் வீழ்ந்தது. மறுபுறம், லவுத் தன் பட்டத்தை வென்றதும் இதே விதிகளின் கீழ்தான். ஒரு பருவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது அவசரமாகும்.

கேலிக் தடகளச் சங்கம் அவ்வாறு தயங்கவில்லை. சோதனை முறையில் வந்த விதிகளை 2025 அக்டோபர் 4 அன்று கூடிய சிறப்பு மாநாடு பெரும் ஆதரவுடன் நிரந்தரமாக்கியது. அப்போது அயர்லாந்து அதிபர் தேர்தலில் வேட்பாளராகவும் களத்தில் இருந்த ஜிம் கேவின், மறுநாளே அந்தப் போட்டியிலிருந்து விலகினார். 24 ஆட்டங்களில் நான்கு அணிகளை மட்டும் வெளியேற்றிய குழுச் சுற்றும் அந்தப் பருவத்துடன் கைவிடப்பட்டது.