ஓட்டுப் போடப் பறக்கும் அப்பாக்கள்

குவைத்தின் ஃபர்வானியா மாகாணத்தில் இருக்கும் அப்பாசியா, பாதிக் கேரளம். மாடிக்கு மாடி இந்தியக் குடும்பங்கள். பக்கத்திலேயே சிபிஎஸ்இ பள்ளிக்கூடங்கள். சமூக அறிவியல் புத்தகத்தில் தேர்தலும் உண்டு, உரிமைகளும் உண்டு. அதைப் படித்து மார்க் வாங்கும் தமிழ்ப் பிள்ளை, கழிவுநீர் தேங்கிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. ‘பலதியாவுக்கு (நகராட்சிக்கு) ஒரு புகார் எழுதலாமாப்பா?’ என்று கேட்டால், ‘நமக்கெதுக்குடா வம்பு? பொழைக்க வந்த எடத்துல இருக்கற எடம் தெரியாம இருப்போம்’ என்று அப்பா முடித்துவிடுவார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டவர் போராட்டத்தில் இறங்க இங்கே சட்டம் இடம் தராது. 2022 ஜூனில் ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கூடிக் கோஷமிட்ட வெளிநாட்டவரை நாடு கடத்தப்போவதாக அரசு அறிவித்தது. இக்காமா என்கிற வசிப்பிட அனுமதி போனால் சோறு போச்சு. ஆனால் ரோட்டைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுப்பதும் கூட்டம் கூடுவதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. பயத்தை மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, ஊர் அரசியலாவது? வெளிநாடுவாழ் இந்தியருக்கு 2011 முதல் ஓட்டுரிமை உண்டு. படிவம் 6ஏ நிரப்பிப் பெயர் சேர்த்து, ஊருக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் அப்படிப் போட்டவர்கள் 25,606 பேர். அவர்களில் 25,534 பேர் கேரளத்துக்காரர்கள். மிச்ச இந்தியா முழுவதற்கும் சேர்த்து 72! அதில் நம் பங்கு எத்தனை என்று தேடவே கூச்சமாக இருக்கிறது.

டிக்கெட் விலை தமிழர் வீட்டுக்கும் மலையாளி வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மலையாளிகளின் கட்சிச் சார்பு அமைப்புகள் ஆள் சேர்த்து, ஓட்டுக்கென்றே விமானம் ஏற்பாடு செய்கின்றன. எதிர் ஃபிளாட் மலையாளிப் பெண், அப்பா ஓட்டுப் போடக் கிளம்புவதையும், அதற்கு முன்னால் சோற்றுத் தட்டுக்கு எதிரே வேட்பாளர் பெயரைச் சொல்லி நடக்கும் சண்டையையும் பார்த்தே வளர்கிறாள். மலையாளிகளின் ‘கலா குவைத்’ அமைப்பில் பிள்ளைகளுக்கென்றே ‘பாலவேதி’ என்ற மன்றம் இருக்கிறது.

நம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலோ பிள்ளை மேடையேறும், ஆடும், கேடயம் வாங்கிக்கொண்டு இறங்கும். மண்டபம் பேசுவது, வரவு செலவு, மைக் எல்லாம் மாமாக்கள் கையில். பதினாறு வயதுப் பெண்ணிடம் கணக்கு நோட்டை நம்பிக் கொடுத்த சங்கம் எத்தனை? சங்கம் நடத்தும் ரத்ததான முகாமில் அவள் ரத்தம் கொடுக்க முடியாதுதான். வருகிறவர் பெயரைப் பதிந்து வரிசையைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா?

காலண்டரும் கைகொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் தேர்தல் ஏப்ரல், மே மாதங்களில் வரும். அப்போது இங்கே புது வகுப்பு தொடங்கியிருக்கும். லீவு ஜூலை, ஆகஸ்டில். ஆனால் ஆகஸ்ட் 15 கிராம சபை நாள். தாத்தா வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஓட்டில்லாத பிள்ளை ஓரமாக உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வராததற்கு மேலத்தெரு அத்தை ஊராட்சித் தலைவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதைப் பார்க்கலாம். அன்றைக்குத்தான் நாம் குடும்பத்தோடு தி.நகருக்கு ஜவுளி எடுக்கக் கிளம்பிவிடுகிறோம்.