கடைவாய்க் கோடு

ஏழாம் நூற்றாண்டிலேயே செப்பேட்டில் ஏறிய ஏரி கூரம் என்ற ஊருடையது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துப் பட்டயம் பரமேசுவர தடாகத்தையும் அதற்குப் பாலாற்றுத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலையும் சொல்கிறது. ஆனால் இந்த மாதிரி ஊர் ஏரிகளில் இறங்கும் பறவைகள் ஒழுங்காக எழுத்தில் ஏறத் தொடங்கியது நம் காலத்தில்தான்.

முன்பு கேமரா வைத்திருந்தவர்கள் நேராக வேடந்தாங்கலுக்குத்தான் போனார்கள். பறவைகளைக் காக்க அவ்வூர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் என்ற உறுதிப் பத்திரம் வாங்கியிருந்தார்கள்; பேர்பெற்ற இடம். ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம். கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. அதனால் கண்தான் முதல் கருவி. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பாருங்கள். பறவையின் நடையும் குணமும் தெரிந்தவர் எடுத்தவை என்பது உடனே புரியும். இனம் காண பறவையியலாளர் சாலிம் அலியின் 1941-ஆம் ஆண்டுப் புத்தகமும், அலகு, கால், பறக்கும் விதம் குறித்த நோட்டும் துணை.

இன்று ஏரிக்கரையில் நின்றபடியே எடுக்கலாம். 2015-இல் வந்த நிக்கான் பி900 கேமராவில் 83 மடங்கு ஜூம். இதன் உண்மையான லாபம் அழகான படமல்ல, சந்தேகம் தீர்வது. வெண்கொக்குகளையே எடுத்துக்கொள்வோம். சின்னதுக்குக் கறுப்பு அலகு, மஞ்சள் பாதம், தொலைவிலேயே சொல்லிவிடலாம். பெரியதும் நடுத்தரமும்தான் குழப்பும். கூடு கட்டாத காலத்தில் இரண்டுக்கும் அலகு மஞ்சள், பக்கத்தில் பக்கத்தில் நின்றாலொழிய உருவமும் கைகொடுக்காது. அலகின் மூலையிலிருந்து பின்னால் ஓடும் கடைவாய்க் கோட்டைப் பார்க்க வேண்டும். கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரியது. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். அந்தக் கோட்டைப் படத்தில் பெரிதாக்கி, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

2015-இலிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பண்டிகை நாளில் சொந்த ஊர் ஏரிக்குப் போய், பார்த்ததை ஈபேர்ட் என்ற இணையத் தளத்தில் பதிகிறார்கள். சரணாலயம் என்ற பாதுகாப்பில்லாத ஏரிக்குத் தேதியும் இடமும் உள்ள பதிவு பெரிய பலம். நத்தைகுத்தி நாரையும் நீலச்சிறகியும் அங்கே இருந்தன என்று நாளைக்கு எடுத்துக்காட்ட முடியும்.

பறவையை இனங்காணும் கைபேசிச் செயலி பேர் சொல்லிவிடுவதால் நின்று பார்க்கும் பழக்கம் தேய்கிறது என்பது என் வருத்தம். இன்னும் பெரிய கவலை கூடுகளை நெருங்குவது. நாரை எழுந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொத்தும். இவ்வளவு ஜூம் கையில் இருக்கும்போது கரையை விட்டு இறங்கத் தேவையே இல்லை.