நீல விளக்கின் கீழ் நிற்கும் தாதி

மஞ்சள் காமாலை கண்ட பச்சைப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் கிடத்துகிறார்கள். சுற்றிலும் திரை தொங்கினால், "என் பிள்ளையை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று சண்டைக்குப் போகாதீர்கள், தாய்மார்களே!

1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் மேனியில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததைக் கவனித்தவர் வார்டு என்ற தாதி. அதிலிருந்து வளர்ந்ததே இந்த வைத்தியம்.

பிள்ளைக்குச் சில நாள்தான் அந்த ஒளி, கண்கட்டும் உண்டு. தாதிக்கோ மாதக்கணக்கில், வெறுங்கண்ணோடு. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தாதியர் சொல்வதுண்டு. நீல ஒளியில் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தாலும் எளிதில் தெரியாது. அதனால்தான் நிறம் பார்க்கையில் விளக்கை அணைக்கிறார். மற்ற நேரம் திரையை இழுத்துவிடுகிறார். நீங்களாக அதை விலக்கவும் வேண்டாம், விளக்கின்மேல் துணி போர்த்தவும் வேண்டாம். பிள்ளையைப் பார்க்க வேண்டுமா? அவரையே கேளுங்கள், பால் கொடுக்கும் நேரத்தில் கையிலேயே தருவார்.