மிச்சக் காசும் கணித பாடமும்

கடந்த வருடம் எனது பலசரக்குக் கடைக்கு இளைஞர் ஒருவரை வேலைக்குச் சேர்த்தேன். சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடைந்தவர். நாணயமானவர். ஒரு நாள் மாலை, சனம் நிறைந்திருந்த நேரத்தில் கல்குலேட்டரின் பட்டரி தீர்ந்துவிட்டது. கிலோ 280 ரூபா பருப்பில் 350 கிராம் வாங்கிய ஒருவர் 500 ரூபாத் தாளை நீட்டினார். தம்பி தாளையும் பருப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, இதுகூடத் தெரியாமலா பாஸ் பண்ணின?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசிவிட்டேன். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அதே வாரம் தரம் 3 இல் படிக்கும் என் பேரனின் கொப்பியைப் புரட்டினேன். 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். 7 இலிருந்து 2 போனால் 5, 5 இலிருந்து 2 போனால் 3 என்பது அவன் கணக்கு. எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். "பக்கத்தில் கடன் வாங்க வேண்டும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம், ஏன் வாங்குவது என்பது பிள்ளைக்கு விளங்கவில்லை.

கல்லாப் பெட்டியைத் திறந்து ஐந்து 10 ரூபாக் குற்றிகளையும் இரண்டு 1 ரூபாக் குற்றிகளையும் அவன் முன்னால் வைத்தேன். "எனக்கு 27 ரூபா தாங்க" என்றேன். இரண்டு பத்துக்களைத் தந்தான். ஏழு ஒன்றுகள் அவனிடம் இல்லை. சற்று யோசித்துவிட்டு, "மூத்தவாப்பா, இந்தப் பத்தை மாத்தித் தாங்களேன்" என்றான். மாற்றிக் கொடுத்தேன். மிஞ்சியதை எண்ணி 25 என்றான். கடன் வாங்குவது என்று நாம் சொல்வதெல்லாம் சில்லறை மாற்றுவதுதான் என்பது அன்று அவனுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1999 இல் நமது நாட்டில் தரம் 1 இலிருந்து ஆரம்பிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றையும் சேர்த்தே கற்பிக்கச் சொன்னது. பெல்ஜிய ஆசிரியர் ஜோர்ஜ் குயிசனேர் என்பவர் நிறமூட்டிய மரக் கோல்களைக் கொண்டு எண்களைக் கற்பித்தார். வெள்ளைக் கோல் 1 சென்ரிமீற்றர், செம்மஞ்சள் கோல் 10 சென்ரிமீற்றர். 3 இன் கோலையும் 7 இன் கோலையும் நீளத்தில் சேர்த்து வைத்தால் 10 இன் கோலுக்குச் சரியாக வரும். பிள்ளை கையால் தொட்டுக் கண்டுபிடித்ததை இலேசில் மறப்பதில்லை.

இதற்குப் பெரும் செலவு வேண்டுமா? வேண்டியதில்லை. நமது கடைகளில் வீசப்படும் பொருட்களே போதும். சோடா மூடிகள் எண்ணுவதற்கு. ஐஸ்பழக் குச்சிகளைப் பத்துப் பத்தாக இறப்பர் வளையத்தால் கட்டினால் ஒன்றும் பத்தும் விளங்கும். கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்த்தால் போதும். 30 முட்டை அட்டையைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஐந்து, மறு பக்கம் ஆறு. 5 ஆறுகளும் 6 ஐந்துகளும் ஒன்றே என்பதை அட்டையைத் திருப்பியே காட்டலாம். பழைய தராசும் 500, 250 கிராம் படிக்கற்களும் இருந்தால் அரையும் காலும் நேரில் தெரியும்.

மரவேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1 இலிருந்து 10 வரையான பத்துக் கோல்களுக்கு மொத்தமாக 55 சென்ரிமீற்றர் நீளச் சட்டம்தான் தேவை. அறுத்து மிஞ்சிய துண்டுகளிலேயே செய்யலாம். காகிதாதிகள் விற்பவர்களுக்கு இது நல்லதொரு சரக்காகவும் அமையும். ஆனால் ஈயம் கலந்த வர்ணம் பூசக் கூடாது. மிகச் சிறு பிள்ளைகள் வாயில் போட்டு விழுங்கக் கூடிய பொருட்களையும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருளைக் கொடுத்து விளையாட விட்டால் மட்டும் கணிதம் வந்துவிடாது. குச்சிக் கட்டை அவிழ்த்ததும் அதையே கொப்பியில் இலக்கமாக எழுத வைக்க வேண்டும். பின்னர் மெல்ல மெல்லக் குச்சியை விட்டுவிட வேண்டும். அது ஆசிரியரின் கெட்டித்தனம். நாம் செய்யக் கூடியது, பொருட்களைச் சுத்தம் செய்து அருகிலுள்ள பாடசாலைக்கு அனுப்புவதும், கடைக்கு வரும் பிள்ளையை மிச்சக் காசை எண்ணிப் பார்க்க விடுவதும்தான். இரண்டு நிமிடம் தாமதமாகும். பரவாயில்லை.

அந்த இளைஞரின் வீட்டுக்கு நானே போனேன். ஏசியது என் பிழை என்று அவருடைய உம்மாவின் முன்னிலையிலேயே சொன்னேன். மறுநாள் வந்தார். 100 கிராம் 28 ரூபா என்றால் 300 கிராம் 84, 50 கிராம் 14, ஆக 98 என்று கடதாசிப் பைகளில் பருப்பை நிறுத்து வைத்துப் பழகினோம். இப்போது அவர் 98 க்கு 2 ரூபா வைத்து 100 ஆக்கி, நான்கு 100 ரூபாத் தாள்களை எண்ணிக் கொடுக்கிறார். கல்குலேட்டர் மேசையில்தான் இருக்கிறது. அவர் அதைத் தேடுவதில்லை.