கோழிப்பண்ணை நெடிக்கும் யூரியா மூட்டைக்கும் என்ன சொந்தம்?

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தவர்களுக்கு அந்த நெடி நன்றாகத் தெரியும். கோழிப்பண்ணையைத் தாண்டும் வரை மூக்கைப் பிடித்துக்கொள்ள வைக்கும். கண்ணைக்கூட லேசாக எரிக்கும். அம்மோனியா! சென்னை மணலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் உர ஆலைகள் யூரியாவுக்காகத் தயாரிப்பதும் இதே அம்மோனியாவைத்தான்.

காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். அதாவது, பயிருக்கு வேண்டிய தழைச்சத்து வயலுக்கு மேலேயே மிதக்கிறது. ஆனால், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் பயிரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கடலை, உளுந்துச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை உடைத்துவிடும். நெல்லுக்கும் மரவள்ளிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் ஆய்வகத்தில் அதைச் சாதித்தார். கார்ல் போஷ் 1913-ல் ஆலையாகவே நடத்திக் காட்டினார். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றின் நைட்ரஜனோடு சேர்த்து, 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் கொடுத்து, இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தினால் அம்மோனியா கிடைக்கும். ஹைட்ரஜன் பிரிக்கும்போது மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடையும் வீணாக்காமல் அம்மோனியாவோடு சேர்த்தால், யூரியா. முன்பு நாப்தாவில் ஓடிய மணலி, தூத்துக்குடி ஆலைகளும் எரிவாயுவுக்கு மாறிவிட்டன.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த யூரியாவின் 45 கிலோ மூட்டையை விவசாயி 266 ரூபாய் 50 பைசாவுக்கு வாங்குகிறார். மீதிச் செலவு மத்திய அரசின் மானியம். மூட்டையில் 46 சதவிகிதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது.

அது முழுவதும் பயிருக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி, யூரியாவை உடைத்து மறுபடியும் அம்மோனியாவாக்கிவிடும். ஈர மண்ணுக்குள் நடந்தால் அது அம்மோனியமாக மாறி களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும். சேலத்து வெயிலில் மேலாகத் தூவிவிட்டு வந்தால், ஒரு பங்கு காற்றோடு போய்விடும். சுண்ணாம்பு கலந்த நிலத்தில் இந்த இழப்பு இன்னும் அதிகம். 'அதான் வேப்பெண்ணெய் பூசித் தருகிறார்களே' என்று கேட்கலாம். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் அது கட்டாயம்தான். ஆனால், வேப்பெண்ணெய் தாமதப்படுத்துவது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி நீரோடு இறங்குவதை. ஆவியாவதற்கு அது மருந்தல்ல.

கோழி எருவிலும் கதை இதேதான். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை; எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, பிறகு அம்மோனியாவாக்குகின்றன. பஸ்ஸில் நம் மூக்கில் ஏறுவது உண்மையில் யாரோ ஒருவர் வயலுக்குப் போயிருக்க வேண்டிய உரம்.

நன்றாகக் காய்ந்த கோழி எருவில் சுமார் 3 சதவிகிதம் தழைச்சத்து உண்டு. கணக்குப் போட்டால், ஏறக்குறைய 690 கிலோ எரு ஒரு யூரியா மூட்டைக்குச் சமம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடுதல் லாபம். பச்சையாகக் கொட்டினால் சூட்டில் வேர் கருகும். கார்பன் நிறைந்த தென்னை நார்க்கழிவோடு கலந்து மட்க வைத்தால், நுண்ணுயிர்கள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடியும் குறையும்.

பாசன மரவள்ளிக்கு வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்தை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்கிறது. பாதி அடியுரம், மீதி 90-ம் நாள், மண் அணைக்கும்போது. யூரியாவாகப் போட்டால் அந்த இரண்டாம் தவணை ஏக்கருக்கு ஏறக்குறைய 40 கிலோ வரும். மண் அணைக்கும் நாளாகப் பார்த்துச் சொன்னதில் காரணம் இருக்கிறது: மண்வெட்டி அள்ளிப் போடும் மண்ணே உரத்தை மூடிவிடும். கையோடு ஒரு தண்ணீரும் பாய்ச்சிவிட்டால் போதும்.