முளைப்பாரியைக் கரைக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

நம் பண்டிகைகளில் பெரும்பாலானவை திதியோ நட்சத்திரமோ பார்த்து வருபவை. ஆடிப்பெருக்குக்கு இரண்டும் கிடையாது. பொங்கலைப் போல மாதத் தேதிதான் கணக்கு: ஆடி 18. ஆங்கிலத் தேதியில் ஆகஸ்ட் 2 அல்லது 3. இதற்குக் காரணத்தை வானத்தில் தேட வேண்டாம், ஆற்றில் தேடுங்கள். ஜூனில் குடகிலும் வயநாட்டிலும் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை காவிரியிலும் கபினியிலும் சேர்ந்து, ஆடி நடுவில் புதுவெள்ளமாக டெல்டாவுக்குள் வரும். ஆற்றைச் சூல்கொண்ட பெண்ணாக நினைத்துக் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி, கலந்த சாதங்கள் என்று படைத்தார்கள். சம்பாவுக்கு விதை எடுக்கலாம் என்பதற்கு அந்த வெள்ளமே அறிவிப்பு.

1934-ல் மேட்டூர் அணை வந்தபின் கணக்கு மாறிவிட்டது. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. இருப்பு போதாத ஆண்டில் அது தள்ளிப்போகும். ஆறு வறண்டு, குழாய்த் தண்ணீரில் குளித்துப் படையல் போட்ட ஆடி 18-களையும் பார்த்துவிட்டோம். ஆகவே, தேதியை மட்டும் நம்பி 155 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009 போன்ற ரகத்தை நாற்று விட வேண்டாம். தண்ணீர் தாமதமானால் 130, 135 நாள் ரகத்துக்கு மாறுவதே பத்திரம். மானாவாரிக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். தேடச் சொன்னது மண்ணில் ஈரத்தை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் நம் கையில் இல்லை. விதை இருக்கிறது. அங்கேதான் முளைப்பாரி வருகிறது.

சட்டியில் மண்ணும் மக்கிய எருவும் இட்டு, நவதானியம் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்த்து, ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கரைக்கிறோம். பாரி செழித்தால் வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. ஆனால் வீட்டுக் குதிரில் இருந்த விதையையே பாரிக்கும் எடுத்த காலத்தில், அது நம்பிக்கை மட்டுமாக இருந்திருக்காது. எந்த வீட்டு விதைக்கு உயிர் இருக்கிறது என்று ஊரே பார்த்துவிடும். இன்று மளிகைக் கடையில் நவதானியப் பொட்டலம் வாங்கித் தூவுகிறோம். அது எவ்வளவு முளைத்தாலும் உங்கள் மூட்டையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இந்த ஆண்டு பாரி போடும் அன்றே, பக்கத்தில் இன்னொரு சட்டி வையுங்கள். விதைக்கப்போகும் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 எண்ணி, வரிசையாக ஊன்றுங்கள். பொறுக்கி எடுத்தால் உங்களையே ஏமாற்றிக்கொள்வீர்கள். ஈரம் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. எட்டு, ஒன்பது நாளில் எண்ணுங்கள். வேரும் குருத்தும் நேராக உள்ளதை மட்டும் கணக்கில் சேருங்கள். முறுக்கியது, அழுகியது சேராது.

சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80, உளுந்து, பாசிப்பயறு, துவரைக்கு 75, நிலக்கடலைக்கு 70 சதவீதம். உங்கள் சட்டியில் 60தான் வந்தது என்றால், 10 கிலோ விதையில் 4 கிலோ மண்ணுக்குத்தான். அதைவிட, முளைத்த நாற்றும் பெரும்பாலும் வீரியம் குறைந்ததாகவே இருக்கும். விதையளவைக் கூட்டிச் சமாளிப்பதைவிட விதையை மாற்றுவது மலிவு. அறுவடையாகிச் சில வாரமே ஆன நெல் என்றால் மட்டும் அவசரப்படாதீர்கள். விதை உறக்கத்தில் இருக்கலாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுங்கள். முடிவு வர நாளாகும் என்பதால், ஆடி பிறந்ததுமே கொடுத்துவிடுவது நல்லது.