கடல் தாண்டிய குற்றமும் தாய்நாட்டுச் சட்டமும்

இந்தியப் பிரஜை ஒருவன் உகாண்டாவில் கொலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறான். அவன் இந்தியாவில் எந்த ஊரில் அகப்பட்டாலும் அங்கேயே அவனை விசாரித்துத் தண்டிக்கலாம். இது கற்பனைக் கதையல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 4-வது பிரிவை விளக்குவதற்காகச் சட்டப் புத்தகத்திலேயே தரப்பட்டிருந்த உதாரணம். 1898-ம் ஆண்டு வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் பிரிவைத் திருத்தி எழுதியபோது, உதாரணத்தில் வந்தவன் ‘கூலி’ என்றே குறிப்பிடப்பட்டிருந்தான். உகாண்டா ரயில் பாதை போடுவதற்காக முப்பதாயிரத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய காலம் அது. ஆளை அனுப்பிய சர்க்கார், சட்டத்தையும் கூடவே அனுப்பி வைத்தது.

சுதந்திரத்துக்குப் பின் ‘கூலி’ என்ற சொல் போய், ‘இந்தியப் பிரஜை’ வந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. புதிய சட்டத்தில் உகாண்டாவின் பெயர் இல்லை; இந்தியாவுக்கு வெளியே எந்த இடமானாலும் சரி என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். விதி மட்டும் மாறவில்லை. இந்தியப் பிரஜையாக இருக்கும் வரை ஒருவர் துபாயில் இருந்தாலும் டொராண்டோவில் இருந்தாலும், நமது குற்றவியல் சட்டம் அவரைப் பின்தொடர்கிறது.

இப்படித் தொடர்வது நியாயமா? நியாயம் என்றால், எதுவரை தொடரலாம்?

மண்ணின் சட்டமா, மனிதனின் சட்டமா?

எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் உலகெங்கும் உள்ள பொது வழக்கம். மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மதுவிலக்கு உள்ள குஜராத்தைச் சேர்ந்தவர் மும்பையில் பெர்மிட் வைத்துக்கொண்டு மது அருந்தினால், குஜராத் போலீஸார் அவர் மீது வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 245-வது ஷரத்தின்படி மாநிலச் சட்டசபையின் அதிகாரம் அந்த மாநில எல்லையோடு சரி. அதே ஷரத்து பார்லிமெண்டுக்கு மட்டும் ஒரு விலக்குத் தருகிறது. நாட்டுக்கு வெளியேயும் செல்லும் என்ற காரணத்துக்காகப் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம் செல்லாது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவோடு மெய்யான தொடர்பு இருக்க வேண்டும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது.

அந்தத் தொடர்பு குடியுரிமை. அதுவும் குற்றம் நடந்த நாளில் இருந்த குடியுரிமை. பிரிவினைச் சமயத்தில் பாகிஸ்தான் பகுதியில் இருந்த ஒரு வணிகர் மீது, வங்கிக்கு ஈடாக வைத்திருந்த பருத்தி சம்பந்தமாகப் புகார் எழுந்தது. பிறகு அவர் இந்தியா வந்து குடியேறிவிட்டார். இந்தியக் கோர்ட்டில் அவரை விசாரிக்க முடியுமா? முடியாது என்று 1954-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தச் செயல் நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் அவர் இந்தியப் பிரஜை அல்ல. பிறகு பெற்ற குடியுரிமை பின்னோக்கிப் பாயாது என்பதே காரணம்.

தண்டனைக்குத் தப்பும் வழி

தாய்நாட்டுச் சட்டம் கூடவே வர வேண்டும் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் வலுவானது. வெளிநாட்டில் கொடுங்குற்றம் செய்துவிட்டு, அங்கே பிடிபடுவதற்குள் சொந்த நாட்டுக்கு ஓடி வந்துவிடுகிறவனை என்ன செய்வது? ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் தம் பிரஜைகளைப் பொதுவாக வேற்று நாட்டிடம் ஒப்படைப்பதில்லை. ஒப்படைக்கவும் மாட்டோம், இங்கே விசாரிக்கவும் மாட்டோம் என்றால், விமான டிக்கெட்டே மன்னிப்புச் சீட்டாகிவிடும். அதனால்தான் அந்த நாடுகளே வெளிநாட்டில் செய்த குற்றத்துக்காகத் தம் பிரஜைகளைத் தம் கோர்ட்டுகளில் நிறுத்துகின்றன.

இரண்டாவது காரணம், ஏழை நாடுகளின் நிலைமை. வசதியுள்ள நாட்டுக்காரர்கள் ஏழை நாடுகளுக்குச் சென்று குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அந்த நாடுகளில் போலீஸும் கோர்ட்டும் வலுவில்லாத இடங்களில் குற்றவாளிகள் சுலபமாகத் தப்பினார்கள். இதற்கு முடிவு கட்ட ஆஸ்திரேலியா 1994-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தது. அமெரிக்கா 2003-ல் தன் சட்டத்தை மேலும் கடுமையாக்கியது. இங்கே தாய்நாட்டுச் சட்டம் கடல் தாண்டியது யாரையும் அடக்கி ஆள அல்ல. நாதியற்ற குழந்தைக்கு ஒரு நீதிமன்றம் கிடைப்பதற்காக.

அந்த நாட்டில் அது குற்றமில்லையே என்ற வாதமும் எல்லா நேரத்திலும் எடுபடாது. நமது 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், வெளிநாட்டில் உள்ள இந்தியப் பிரஜைகளுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இளம் வயதுத் திருமணத்தை அனுமதிக்கும் ஒரு நாட்டுக்குப் பெண்ணை அழைத்துச் சென்று தாலி கட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்று விட முடியுமா? இடம் எதுவானாலும் பாழாவது அந்தப் பெண்ணின் வாழ்க்கை அல்லவா?

கஞ்சாவும் லஞ்சமும்

ஆனால் சட்டத்தின் கை நீளும்போது, எங்கே நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் கஞ்சா பயன்படுத்துவது சட்டப்படி குற்றமில்லை. அங்கே படிக்கச் சென்ற இந்திய மாணவர், கூடப் படிப்பவர்களோடு சேர்ந்து புகைத்தார் என்று வைத்துக்கொள்வோம். நமது போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. 2001-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது வெளிநாட்டில் உள்ள இந்தியப் பிரஜைகளுக்கும் பொருந்தும். கஞ்சா உபயோகத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே எழுத்துப்படி பார்த்தால், கனடா போலீஸ்காரர் கண்டும் பேசாமல் போகும் ஒரு செயலுக்கு இந்தியாவில் வழக்குத் தொடர இடமிருக்கிறது.

சிங்கப்பூர் இதில் ஒளிவு மறைவு வைக்கவில்லை. அதன் பிரஜைகளும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும் வெளிநாட்டில் போதைப் பொருள் உபயோகித்தால், சிங்கப்பூரிலேயே உபயோகித்தது போல் தண்டிக்கலாம் என்று அதன் சட்டம் சொல்கிறது. கடுமை அதிகம்தான். ஆனாலும் பயணம் புறப்படுகிறவருக்கு நிலைமை தெரியும். நம் நாட்டில் அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

லஞ்ச விஷயத்துக்கு வருவோம். லாக்ஹீட் விமானக் கம்பெனி வெளிநாட்டுப் பெரும்புள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது அம்பலமாகி, 1976-ல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் டனாகாவே கைதானார். மறு ஆண்டே, அன்னிய அதிகாரிகளுக்குத் தன் நாட்டவர் லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கி அமெரிக்கா சட்டம் இயற்றியது. இந்தியாவிலும் 2011-ல் இதே நோக்கத்தோடு பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. 2014-ல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியாகிவிட்டது. மாணவன் புகைத்த கஞ்சாவை எட்டும் சட்டம், கம்பெனி முதலாளி அயல்நாட்டில் நீட்டும் பணப்பெட்டிக்கென்று எழுதப்படாமலே நின்றுவிட்டது.

டில்லியின் அனுமதி

இத்தனைக்கும் ஒரு கடிவாளம் உண்டு. இந்தியாவுக்கு வெளியே நடந்த குற்றத்தை இங்கே விசாரிக்க, மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 188-வது பிரிவாக இருந்த இந்த விதி, புதிய சட்டத்தில் 208-வது பிரிவாகத் தொடர்கிறது. தேவையற்ற வழக்குகளைத் தடுத்து நிறுத்த இது உதவும். ஆனால் நியாயமாக வர வேண்டிய வழக்கும் இதே வாசலில்தான் காத்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஆந்திரத்துப் பெண் ஒருவர் 2005-ல் திருமணமாகிக் கணவரோடு போட்ஸ்வானா நாட்டுக்குச் சென்றார். அங்கே கணவர் கொடுமைப்படுத்தியதாக ஊர் திரும்பி வந்து புகார் கொடுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. புகாரைக் கோர்ட் ஏற்பதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் போட்ஸ்வானாவில் நடந்த கொடுமை பற்றி மேற்கொண்டு விசாரணை நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. இந்தியாவிலேயே நடந்ததாகச் சொல்லப்பட்ட வரதட்சிணைக் குற்றத்தை மட்டும் தடையின்றி விசாரிக்கலாம் என்றும் கோர்ட் கூறியது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் இதன் பொருளை உடனே புரிந்துகொள்ளும். சாட்சிகளும் ஆஸ்பத்திரிச் சீட்டும் கடலுக்கு அப்பால் இருக்க, அனுமதிக் காகிதத்துக்காக டில்லிக்கும் அலைய வேண்டும்.

ஆகவே அனுமதி தருவதற்கும் மறுப்பதற்கும் வெளிப்படையான விதிகள் தேவை. மூன்று கேள்விகள் போதும். அந்தச் செயலால் இன்னொரு மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததா? நாம் விசாரிக்காவிட்டால் குற்றவாளி தண்டனையின்றித் தப்பிவிடுவாரா? நடந்த நாட்டிலேயே அவர் ஏற்கெனவே தண்டனை அனுபவிக்காமல் இருக்கிறாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால், அனுமதியை இழுத்தடிக்காமல் குறித்த காலத்தில் தர வேண்டும். யாருக்கும் தீங்கில்லாமல், அந்த நாட்டுச் சட்டமும் ஒப்பும் காரியமாக இருந்தால், அதை அந்த நாட்டோடு விட்டுவிடுவதே முறை.

கோலும் குடையும்

அரசனுக்குச் செங்கோல் உண்டு, வெண்கொற்றக் குடையும் உண்டு என்பது நம் பழைய மரபு. ஒன்று தண்டிக்க, மற்றது காக்க. இன்றைய அரசின் கோல் கடல் கடந்து செல்கிறது. குடை எவ்வளவு தூரம் செல்கிறது?

வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் கொத்தனாருக்கு நம் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. எட்டு மணி நேர வேலை என்ற நம் விதியும் அங்கே போகாது. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளைப் பதிவு செய்ய வைத்து, புறப்படும் இடத்தில் ஓரளவு காவல் போட்டது. விமானம் ஏறிய பிறகு அவர் அந்த நாட்டுச் சட்டத்தின் கையில்தான். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வெகு காலமாக இருந்து வரும் வழக்கம். 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் தொழிலாளியின் சொத்துக்கூட அல்ல. எப்போதும் இந்திய அரசின் சொத்து. தன் சொத்தை ஒருவர் பூட்டி வைத்திருக்கும்போது அரசு கேட்க வேண்டாமா?

குடை முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2003-ம் ஆண்டின் கைதிகள் மாற்றச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளில் தண்டனை பெற்ற இந்தியர், மீதிக் காலத்தைத் தாய்நாட்டுச் சிறையில், குடும்பத்தினர் வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் கழிக்கலாம். தூதரகங்கள் வழியாகச் சட்ட உதவியும் சிலருக்குக் கிடைக்கிறது. ஆனால் தண்டிக்கும் சட்டம் எல்லா நாட்டுக்கும் செல்கிறது. காக்கும் ஏற்பாடு ஒப்பந்தம் உள்ள நாட்டில், மனுப் போட்டவருக்கு மட்டும் கிடைக்கிறது.

தாய்நாட்டுச் சட்டம் பிரஜையைத் தொடரட்டும். கொலைக்கும், குழந்தைகள் மீதான கொடுமைக்கும், கைவிடப்பட்ட மனைவியின் கண்ணீருக்கும், நாட்டின் பெயரைக் கெடுக்கும் லஞ்சத்துக்கும் அது தொடரத்தான் வேண்டும். அங்கே சட்டம் அனுமதிக்கும் சொந்தப் பழக்க வழக்கங்களை விட்டுவிடட்டும். தொடர்கின்ற அரசு, வேலை செய்த கூலி கிடைக்காமல் நிற்கும் தன் பிரஜைக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கவும் அதே தூரம் போகட்டும். அப்படிப் போனால், எங்கிருந்தாலும் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் நீ என்று சொல்லும் உரிமை அதற்குத் தானே வரும்.